வனக்கோள் வாலுகள்: விளக்குப் பறிப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

நன்றியுரை

இந்த ஆய்வைத் தூண்டிய நெறியாளருக்கு நன்றி. தூண்டியதோடு நிறுத்திக்கொண்டதற்காக அவருக்கே இன்னொரு நன்றி. சந்தேகம் கேட்கப் போனபோதெல்லாம் "அவர் இப்பதான் கண் அசந்தார்" என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிய அவர் துணைவியாருக்கும் நன்றி. 'யோடா' என்ற பெயரை எல்லா இடத்திலும் 'ஓடா' என்று அடித்துவிட்டு, திருத்தச் சொன்னதற்குத் தனிக்கூலி கேட்ட தட்டச்சு நண்பருக்கும் நன்றி. நன்றியுரை ஆய்வைவிட நீளமாக இருக்கக் கூடாது என்று யாரும் விதி செய்யவில்லை, ஆனாலும் நிறுத்துகிறேன்.

தலைப்பு விளக்கம்

விண்வெளிப் பயணிகள் காடு மண்டிய கோள் ஒன்றில் இறங்குகிறார்கள். புதரிலிருந்து குட்டையாக ஏதோ எட்டிப் பார்க்கிறது. சற்று நேரத்தில் பயணியின் சாமான் ஒன்று குறைகிறது. பொருள் இவ்வளவுதான். மற்றவர்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஆய்வாளர் சிரிக்கக் கூடாது. தலைப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் பொருள் சொல்லியாக வேண்டும்.

வனம்: காடு. தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'காட்டுக்கோள்' என்று மாற்றச் சொன்னார். யாரோ யாரையோ 'கோளைக் காட்டு' என்று அதட்டுவதுபோல் இருக்கிறதே என்றேன். அதன் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை.

கோள்: 'கொள்' என்ற வினையடியிலிருந்து வந்தது. பற்றிக்கொள்வது என்று பொருள். வடமொழிக் 'கிரகம்' என்பதற்கும் அதே பொருள்தான். ஆகவே ஒரு கோளில் வாழும் உயிர், வந்தவர் பொருளைப் பற்றிக்கொண்டால் அதைத் திருட்டு என்று சொல்ல இலக்கணத்தில் இடமில்லை. அது ஊர்ப்பெயருக்கேற்ற நடத்தை (மேலே காண்க).

வாலு: குறும்பு செய்பவர். குறும்பு என்றால் இன்று சேட்டை. பழைய நூல்களில் அரண், சிறு கோட்டை. அதை ஆண்டவர்கள் குறும்பர். இங்கே ஆய்வாளருக்கு மயிர்க்கூச்செறிய வேண்டும்; எனக்கு எறிந்தது. 1983இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்' படத்தில் எண்டோர் காட்டு ஈவோக்குகள் எங்கே குடியிருக்கின்றன? வானளாவிய மரங்களின் நடுத்தண்டைச் சுற்றிப் பலகைத் தளம் போட்டு, மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டி, உயரத்தில் குடியிருக்கின்றன. இதற்குப் பெயர்தான் குறும்பு. கீழே இருப்பது காவற்காடு, பழந்தமிழில் மிளை. அதில் செத்த விலங்கு ஒன்றைத் தொங்கவிட்டு வலையும் வைத்திருக்கின்றன. பயணிகளில் ஒருவரான சூபக்கா பசியோடு அதில் கை வைத்ததும் உடனிருந்த குழுவும் வலையோடு மேலே போகிறது. ஆக, ஈவோக் குறும்பு செய்யவில்லை, குறும்பில் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் சுவரேறிக் குதித்தவர்தான் வாசற்காவலைப் பார்த்து "சரியான வாலு" என்கிறார். இந்தக் கருத்தை நான் உண்மையிலேயே நம்புகிறேன். ஓர் ஆய்வேட்டில் ஆய்வாளர் நம்பும் கருத்து ஒன்றுக்கு மேல் இருந்தால் நேர்முகத் தேர்வில் சிக்கல் வரும் என்பதால் மற்றவற்றில் கவனமாக இருந்திருக்கிறேன்.

ஆய்வு எல்லை

இக்கட்டுரையின் முதல் வடிவத்தை ஒரு கல்லூரியின் இரண்டு நாள் கருத்தரங்கில் வாசித்தேன். எனக்கு ஒதுக்கியது ஐந்து நிமிடம். அதில் மூன்று சால்வைக்குப் போயிற்று. மீதி இரண்டில் தலைப்பை வாசித்து முடித்தபோது அமர்வுத் தலைவர் கைதூக்கினார். "எண்டோரில் அந்தக் காடு இருப்பது கோளில் இல்லையே, துணைக்கோளில் அல்லவா?" படத்தை அவர் பார்த்தவரில்லை. நான் மேடையேறும் நேரத்தில் பேரனுக்குப் போன் போட்டிருக்கிறார்.

அவர் சொன்னது சரி. அது கோள் அல்ல, நிலா. அரங்கில் கைதட்டல். ஈவோக்குகள் அன்றே இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே போய்விட்டன. வெளியே போனவற்றைப் பற்றி விரிவாகப் பேசுவதுதான் ஆய்வுமரபு என்பதால் சில செய்திகள். 'ஈவோக்' என்ற பெயரைப் படத்தில் ஒருவர்கூட உச்சரிப்பதில்லை. கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலில்தான் வருகிறது. அவை பேசும் மொழியை ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், கல்மிக் மொழியின் ஓசையை அடியாக வைத்து உருவாக்கினார். விக்கெட் என்ற குட்டி ஈவோக்காக நடித்த வார்விக் டேவிஸுக்கு அப்போது 11 வயது. படம் பிடித்தது வட கலிபோர்னியாவின் ரெட்வுட் காட்டில். ஏழடிக்கும் மேல் வளர்ந்த பீட்டர் மேஹ்யூ, சூபக்காவின் ரோம உடுப்போடு தனியாகக் காட்டுக்குள் உலாவ வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டார். அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்கள் பிக்ஃபுட் என்று நினைத்துச் சுட்டுவிடலாம் என்ற பயம். வேற்றுலக உயிருக்கு வேடம் போட்டவருக்கு வந்த ஒரே ஆபத்து இவ்வுலகத்தாரால்தான் (கீழே காண்க, அங்கே 'மேலே காண்க' என்றிருக்கும்).

கருதுகோள்

உண்டு.

வகைப்பாடு

விண்வெளிப் பயணிகளுக்குத் தொல்லை தரும் உயிர்கள் பலவகைப்படும். அவற்றுள்,

தின்று பெருகுவன. 1967 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கதையில் வரும் டிரிபிள்கள். டேவிட் ஜெரால்ட் எழுதியது. கை இல்லை, கால் இல்லை, வால் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ரோமப்பந்து. தடவினால் குர்ரென்று இசைக்கும். தானியக் கிடங்கைத் திறந்து பார்க்கும்போது கேப்டன் கர்க்கின் தலையில் மூட்டை மூட்டையாகக் கொட்டுகின்றன. மொத்தம் 17,71,561 என்று கப்பல் அதிகாரி ஸ்பாக் அந்த இடத்திலேயே கணக்குச் சொல்கிறார். ஒன்று பத்தை ஈனும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூன்று நாள். தாயும் சேர்ந்து ஒன்று பதினொன்றாகிறது, ஆறு தலைமுறை. பதினொன்றை ஆறு முறை பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். நானும் பெருக்கினேன், மூன்று தடவை. பிழை கண்டுபிடித்துக் கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தவனுக்கு இப்படி ஓர் ஏமாற்றம் வேண்டாம்.

குடியேறுவன. 2017இல் வந்த 'த லாஸ்ட் ஜெடாய்' படத்தின் போர்க்குகள். அயர்லாந்தின் ஸ்கெல்லிக் மைக்கேல் தீவில் படம் பிடிக்கப் போனால் எங்கு பார்த்தாலும் பஃபின் பறவைகள். பாதுகாக்கப்பட்ட தீவு, பறவைகளை விரட்ட முடியாது. ஒவ்வொரு காட்சியிலும் கணினியில் அழித்துக்கொண்டிருப்பதற்கும் கட்டாது. சரி, வேற்றுலகப் பறவையாகவே மாற்றிவிடுவோம் என்று முடிவுகட்டினார்கள். விரட்ட முடியாத வாடகைக்காரரை உறவினர் என்று ஊருக்கு அறிமுகம் செய்வது போன்றது இது. தொல்காப்பிய மரபியலின்படி பறப்பவற்றின் இளமைப்பெயர் பார்ப்பு, பிள்ளை. எனவே போர்க்குஞ்சு என்பது வழு. போர்க்பார்ப்பு, போர்க்பிள்ளை இரண்டும் சரி. பின்னது பழைய வக்கீல் ஒருவர் பெயர்போல் ஒலிப்பதால் தவிர்க்கலாம்.

கொத்துவன. இது கதையல்ல. 1995இல் டிஸ்கவரி விண்ணோடம் ஏவுதளத்தில் நின்றுகொண்டிருந்தபோது, மரங்கொத்தி இனத்து ஃப்ளிக்கர் பறவைகள் எரிபொருள் தொட்டியின் நுரைக்கவசத்தில் சுமார் 200 ஓட்டைகள் போட்டன. ஜூன் 8 அன்று கிளம்ப வேண்டிய ஓடத்தைத் திரும்ப உள்ளே இழுத்துப்போய், ஓட்டையடைத்து, ஜூலை 13 அன்றுதான் அனுப்ப முடிந்தது. பிறகு பறவைகளைப் பயமுறுத்தப் பிளாஸ்டிக் ஆந்தைகள் வைத்தார்கள். பூமியைச் சுற்றிவர எந்திரம் செய்யத் தெரிந்தவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் நம் கத்தரித் தோட்டத்துச் சோளக்கொல்லைப் பொம்மை. கென்னடி விண்வெளி மையம் ஒரு வனவுயிர்ச் சரணாலயத்தின் நடுவில் இருக்கிறது என்பதையும் நோக்குக. பறவைகள் குறும்பில் இருந்தன.

கட்டவிழ்த்துக்கொள்வன. 1987இல் சோவியத் நாடு காஸ்மாஸ் 1887 செயற்கைக்கோளில் இரண்டு குரங்குகளை அனுப்பியது. ஒன்றின் பெயர் ட்ரியோமா. தூங்குமூஞ்சி என்று பொருள் சொல்கிறார்கள். மற்றது யெரோஷா, தொல்லைக்காரன். பெயர் வைத்தவரைப் பாராட்ட வேண்டும். யெரோஷா பறந்துகொண்டிருக்கும்போதே இடக்கையைக் கட்டிலிருந்து உருவி, கைக்கு எட்டியதையெல்லாம் நோண்டிப் பார்த்தது. கலம் குறித்த இடத்தில் இறங்காமல் வெகுதொலைவு தள்ளி சைபீரியாவில் இறங்கியது. அதற்கும் குரங்கின் கைக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் தொடர்பில்லாத இரண்டை அடுத்தடுத்த வாக்கியங்களில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் நான் ஆய்வுலகில் கற்ற முதல் வித்தை.

வெறுமனே பார்ப்பன. தனிக் கட்டுரை தேவை.

பறிப்பன. வருகிறேன்.

விளக்குப் பறிப்பு

1980இல் வந்த 'த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் டாகோபா என்ற கோள். இது கோளேதான், பேரனிடம் கேட்டுக்கொள்ளலாம். சேறும் கொடியும் மூடுபனியுமான காடு. லூக் என்ற இளைஞர் மாபெரும் குரு ஒருவரைத் தேடி வந்து, வந்த வேகத்தில் கலத்தைச் சதுப்பில் இறக்கிவிட்டு, பெட்டிகளைக் கரையில் பரப்பி வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறார். பச்சைநிறத்தில், விறைத்த காதுகளோடு, ஊன்றுகோல் பிடித்த ஒரு கிழட்டு உருவம் வருகிறது. உணவை எடுத்து ஒரு கடி கடிக்கிறது, துப்புகிறது. பெட்டிக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து ஒவ்வொரு சாமானாக முதுகுக்குப் பின்னால் வீசுகிறது. கடைசியில் கைக்கடக்கமான ஒரு சின்ன விளக்கு அகப்படுகிறது. முகம் மலர்கிறது. ஆர்2-டி2 என்ற எந்திரம் தன் ஒற்றைக் கையை நீட்டி விளக்கின் மறுமுனையைப் பிடிக்கிறது. இது இழுக்க, அது இழுக்க, கிழவர் ஊன்றுகோலால் எந்திரத்தின் மண்டையில் டொக் டொக்கென்று சாத்துகிறார். விளக்கு கிழவருக்குப் போகிறது. அவர்தான் தேடிவந்த குரு யோடா என்பது பிறகு தெரிகிறது.

ஏன் விளக்கு? நான் நாலு வருஷம் செலவழித்தது இந்தக் கேள்விக்குத்தான். அறிஞர்கள் நான்கு கட்சியாக நிற்கிறார்கள். (நான்கிலும் நானே நிற்கிறேன், இந்தப் பொருளில் வேறு அறிஞர் அகப்படவில்லை.)

தேவைக் கட்சி: காட்டில் இருட்டு, ஆகவே விளக்கு. பொருந்தாது. சற்றுப் பிறகு வரும் காட்சியிலேயே அவர் குடிசைக்குள் நெருப்பெரிகிறது, பானையில் ஏதோ கொதிக்கிறது. வெளிச்சமில்லாமல் தவித்தவர் வீடாக அது தெரியவில்லை.

சோதனைக் கட்சி: குருவானவர் சீடனின் பொறுமையை அளக்கவே அவன் பொருளை எடுத்துக்கொண்டார் என்பர். மாணவரின் உழைப்பை எடுத்துத் தம் பெயரை முதலில் போட்டுக்கொள்ளும் வழக்கத்துக்கு இதைவிடக் கண்ணியமான விளக்கம் நான் கேட்டதில்லை. ஆய்வு மாணவர்கள் இதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். லூக்குக்காவது கடைசியில் வித்தை கற்றுக்கொடுத்தார்கள்.

இலக்கணக் கட்சி: யோடாவின் ஆங்கிலம் தலைகீழானது என்று உலகமே சிரிக்கிறது. செயப்படுபொருளை முன்னால் போட்டு வினையைப் பின்னால் தள்ளுகிறார். அதை வரிசை மாற்றாமல் தமிழில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ரேஷன் கடையில் கேட்கும் சாதாரணப் பேச்சாக இருக்கும். வினைதான் நமக்குக் கடைசியில் வருமே. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். குள்ளம், காட்டு வாசம், நீண்ட ஆயுள், சீடர்களிடம் கடுகடுப்பு, இலக்கணம். குறுமுனி அகத்தியர்தான் என்று ஒருவர் ஆரம்பிப்பார். விளக்கு கமண்டலத்தின் திரிபு என்பார் இன்னொருவர். டாகோபா என்பது தாகபூமி என்பதன் மரூஉ, அங்கே எங்கும் தண்ணீர் இருப்பது எதிர்மறை இலக்கணை என்று மூன்றாமவர் நூல் போடுவார். அதை மறுத்து நான்காமவர் போடுவார். ஐந்தாமவர் இரண்டையும் வாசிக்காமல் அணிந்துரை எழுதுவார். (இக்கட்சிக்கான மூலம்: தேநீர்க் கடையில் எனக்கு வடை மடித்துக் கொடுத்த தாள், வேதியியல் விடைத்தாளின் பின்பக்கம், பென்சிலில் எழுதிய குறிப்பு, எழுதியவர் பெயர் எண்ணெயில் ஊறிவிட்டது, ஊறாத பகுதியில் 'இது தவறு' என்று வேறு கையெழுத்து, அதன் கீழே 'நீதான் தவறு' என்று முதல் கையெழுத்து, முடிவு தெரிந்துகொள்ள மறுநாள் போனபோது அடுத்த தாளில் பஜ்ஜி கொடுத்தார்கள், அது கணக்கு.)

பேரக் கட்சி: இதுதான் என் கட்சி. விளக்கு தனக்கு வேண்டும், இல்லாவிட்டால் உதவி கிடையாது என்பதே அந்த இடத்தில் யோடாவின் பேச்சுக்குச் சாரம். அதாவது எடுத்த பொருள் அல்ல, பதிலுக்கு வருவதுதான் குறி. பாலித் தீவின் உலுவாட்டு கோயில் குரங்குகள் இதை நாள்தோறும் நடத்திக்காட்டுகின்றன. வருகிறவர்களின் கண்ணாடி, தொப்பி, செருப்பு, செல்பேசி இவற்றைப் பறித்துக்கொண்டு, தின்ன ஏதாவது கொடுத்தால்தான் திருப்பித் தருகின்றன. வயதான குரங்குகளுக்கு எதை எடுத்தால் எவ்வளவு பேரம் பேசலாம் என்பதுகூடத் தெரியும் என்று அங்கே ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தொப்பிக்கு ஒரு விலை, செல்பேசிக்கு ஒரு விலை.

களப்பணி

ஏட்டில் களப்பணி இல்லாவிட்டால் பட்டம் இல்லை. டாகோபாவுக்குப் போக நிதி கேட்டு விண்ணப்பித்தேன். பயணப்படி பேருந்துக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டும் என்று பதில் வந்தது. ஆகவே பக்கத்தில் உள்ள ஒரு மலைக்கோயிலுக்குப் போனேன். காடு உண்டு, ஏற்றம் உண்டு, மூச்சு வாங்கியதில் காற்று மண்டலம் வேறாக இருப்பதாகவும் தோன்றியது.

பாதிப் படியில் உட்கார்ந்து கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்தது. கறுத்த, குளிர்ந்த, சுருக்கம் விழுந்த சின்னக் கை. காது மடலை ஒதுக்கி, கண்ணாடியின் கொக்கியை மட்டும் விலக்கி, மூக்கில் கீறல் படாமல் கழற்றியது. என் கண் டாக்டர்கூட இவ்வளவு பதமாகக் கழற்றியதில்லை. மறு கை கட்டுரையை எடுத்துக்கொண்டது. எதிர்ச் சுவரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அதாவது, பார்த்தது என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு பழுப்புத் திட்டுதான் தெரிந்தது.

"பழம் ஒண்ணு காட்டுங்க சார், குடுத்துரும்" என்றார் படியோரம் கடை போட்டிருந்த அம்மா, தலையைக்கூடத் தூக்காமல்.

ஒரு பழத்தை நீட்டினேன். அசையவில்லை.

"ரெண்டாக் காட்டுங்க. கண்ணாடின்னா ரெண்டு."

இரண்டு காட்டினேன். பழத்தை வாங்கிய பிறகுதான் கண்ணாடியை விட்டது, முன்பணம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், கட்டுரை இன்னும் அதன் கையில்தான் இருந்தது. முதல் பக்கத்தைப் புரட்டியது. நன்றியுரைப் பக்கத்தில் ஒரு மூலையைக் கடித்தது. மென்றது. துப்பியது. பிறகு பேரம் எதுவும் பேசாமல் மொத்தக் கட்டையும் என் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு மரத்துக்குத் தாவியது. இந்த ஏட்டை முதல் பக்கத்திலிருந்து தொடங்கிய மதிப்பீட்டாளர் இதுவரை அது ஒன்றுதான்.

மேலாய்வுக்குரிய களங்கள்

விளக்கு. குறிப்பாக அது பிறகு என்ன ஆயிற்று என்பது. பானையில் கொதித்தது என்ன என்பதும்.

இவற்றோடு, குரங்குக்கும் பழக்கடைக்கும் உள்ள உடன்படிக்கை பற்றியும் ஆராய வேண்டும். பணம் கொடுக்கும்போது கேட்டேன்.

"ஏம்மா, பழம் என்ன விலை?"

"அஞ்சு ரூவா சார்" என்றவர் அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "கண்ணாடி போட்டவங்களுக்குப் பத்து."